வாரக் கணக்கும் நிலக்காட்சியும்

ஒரு நிலத்தை அழகானது என்று சொல்ல வேண்டுமானால், சொல்பவன் அந்நிலத்தில் வேலை செய்யாதவனாக இருக்க வேண்டும் என்று ஒரு கருத்து உண்டு. உழுகிறவனுக்கு அது மண், பார்க்கிறவனுக்குத்தான் காட்சி. இது பாதி உண்மை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பாதியே போதுமான அளவு தொந்தரவு தருகிறது. காட்சியை உண்டாக்கியவன் ஒருவன், அனுபவிப்பவன் வேறொருவன் என்றால், இரண்டாமவனின் ரசனைக்குத் தார்மிக ஆதாரம் என்ன?

கேள்வியை ஸ்தூலமாக்கியது ஒரு கடிதம். எனக்குத் தெரிந்த மாணவன் ஒருவன் இத்தாலியில், சியெனா நகரில் படிக்கிறான். ஒரு விடுமுறை நாளில் காலை பஸ் பிடித்துத் தெற்கே ஸான் குவீரிகோ என்ற சிற்றூரில் இறங்கி, அங்கிருந்து பியென்ஸா வரை சுமார் 10 கிலோமீட்டர் வயல்களினூடே மண்பாதையில் நடந்திருக்கிறான். ஓர்ச்சா ஆற்றின் பள்ளத்தாக்கு அது. அலையலையாகக் குன்றுகள், கோதுமை, பாதையோரம் ஸைப்ரஸ் மரங்கள், தனித்து நிற்கும் விட்டாலெத்தா சிற்றாலயம், தெற்கே 1,738 மீட்டர் உயரத்தில் அமியாத்தா மலை. 'இங்கே எதுவுமே தவறான இடத்தில் இல்லை' என்று எழுதியிருந்தான். நல்ல வாக்கியம். கூடவே நாற்பது படங்கள். ஒன்றில்கூட மனிதர் இல்லை.

நான் இத்தாலிக்குப் போனதில்லை. வங்கியில் கணக்குகளோடு பகலைக் கழிப்பவன். இத்தாலியை அறிந்ததெல்லாம் புத்தகங்கள் வழியாகத்தான். எதுவுமே தவறான இடத்தில் இல்லை என்றால், யாரோ அதையதை அந்தந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வைத்தவர்கள் யார் என்று தேடுவது கணக்கு எழுதுகிறவனின் சுபாவம்.

மாணவன் நடந்து சென்று சேர்ந்த பியென்ஸா, முன்பு கோர்ஸின்யானோ என்ற கிராமம். அங்கே பிறந்தவர் போப்பாண்டவராகி, இரண்டாம் பயஸ் என்ற பெயர் பெற்று, 1459 முதல் சில ஆண்டுகளுக்குள், ரோஸெல்லீனோ என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு கிராமத்தின் மையத்தைப் புதிதாகக் கட்டினார். அவருடைய மாளிகையின் பின்புறம் மூன்று அடுக்குத் தாழ்வாரம், அமியாத்தா மலையைப் பார்த்தபடி. பார்ப்பதற்கென்றே கட்டப்பட்டது. அந்த நிலம் காட்சியாக ஆனதற்கு இப்படி ஒரு விலாசம் இருக்கிறது: ஒரு போப்பின் தாழ்வாரம்.

தாழ்வாரத்துக்குக் கீழே இருந்தது வாரம். மெட்ஸாத்ரியா என்பது அவர்கள் சொல். நிலமும் வீடும் சொந்தக்காரருடையவை. உழைப்பு குடியானவக் குடும்பத்தினுடையது. விளைச்சலில் ஆளுக்குப் பாதி. டஸ்கனியின் பெரும்பகுதியில் பல நூற்றாண்டுகள் இதுதான் நடைமுறை. குடும்பத்தின் அளவு நிலத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்பதால், வீட்டில் ஒரு கல்யாணத்துக்குக்கூட நிலக்காரரின் சம்மதம் தேவைப்பட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம். அதில் வரவும் பற்றும் நிலக்காரரின் காரியஸ்தர் எழுதுவார். எழுதுகிறவர் கையில் புத்தகம் இருக்கும்போது கடன் எந்தப் பக்கம் சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நிலத்தின் தோற்றத்துக்கும் இந்த ஒப்பந்தத்துக்கும் நேரான உறவு இருக்கிறது. குடியானவன் தான் உழும் நிலத்திலேயே வசிக்க வேண்டும். ஆகவே கிராமமாகக் கூடாமல் குன்றுக்கு ஒரு வீடு. ஒவ்வொரு குடித்தனமும் தனக்கு வேண்டியதைத் தானே விளைவிக்க வேண்டும். ஆகவே ஒரே நிலத்தில் கோதுமை, திராட்சை, ஆலிவ், விறகுக்கு மரம். பயணி எதைச் சித்திரம் போல் இருக்கிறது என்கிறானோ, அந்தச் சித்திரத்தின் பெரும்பகுதியை வரைந்தது ஒரு குத்தகை ஷரத்து.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு குடியானவர்கள் போராடினார்கள். 1947இல் அவர்கள் பங்கு 50 சதவீதத்திலிருந்து 53 ஆயிற்று. 1964ஆம் ஆண்டுச் சட்டம் அதை 58 ஆக்கி, புதிதாக வார ஒப்பந்தம் போடுவதையே தடுத்தது. 1982இல் மிச்சமிருந்தவற்றையும் பணக் குத்தகையாக மாற்றச் சட்டம் வந்தது. அதற்குள் பெரும்பாலோர் நிலத்தை விட்டுவிட்டு நகரங்களின் தொழிற்சாலைகளுக்குப் போயிருந்தார்கள். பல வீடுகள் காலியாகி, பின்னர் விடுமுறை விடுதிகளாயின. 2004இல் யுனெஸ்கோ இப்பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. மாணவனின் படங்களில் மனிதர் இல்லாதது தற்செயல் அல்ல.

இங்கே இரண்டு விதமான பதில்கள் நம்மிடையே தயாராக இருக்கின்றன. ஒன்று, அழகு சுதந்திரமானது, அதன் பூர்வோத்தரம் ரசனைக்கு அநாவசியம் என்பது. மற்றது, அந்த அழகே சுரண்டலின் முகமூடி, ரசிப்பவன் அதற்கு உடந்தை என்பது. இரண்டும் எதிரெதிரானவை என்று வாதாடிக்கொண்டிருக்கிறோம். இரண்டும் செய்யும் காரியம் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது: பார்க்கும் சிரமத்திலிருந்து விடுதலை தருவது. முதலாமவன் குன்றைப் பார்க்கிறான், வீட்டைப் பார்ப்பதில்லை. இரண்டாமவனோ 'சுரண்டல்' என்ற சொல் கிடைத்த உடனே குன்று, வீடு இரண்டையுமே பார்ப்பதை நிறுத்திவிடுகிறான். அவன் அனுதாபம் காட்டும் குடியானவனுக்கு அழகுணர்ச்சி இருந்திருக்கலாம் என்பதுகூட அவனுக்குத் தோன்றுவதில்லை. உழவுசால் நேராக இருக்க வேண்டும் என்று பாடுபடுகிறவனுக்குக் கண் இல்லை என்று எப்படிச் சொல்வது?

பார்ப்பது எப்படி என்பதற்கு சியெனாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நகர மன்ற மாளிகையின் சுவரில் 1338-39இல் அம்ப்ரோஜியோ லோரென்ஸெத்தி தீட்டிய நல்லாட்சியின் விளைவுகள். நகரவாயிலுக்கு வெளியே விரிகிறது நாட்டுப்புறம். பிரபுக்கள் வேட்டைக்குப் புறப்படுகிறார்கள். எதிரே ஒருவன் பன்றியை ஓட்டிக்கொண்டு நகருக்குள் வருகிறான். ஓரிடத்தில் உழவு, ஓரிடத்தில் அறுப்பு, ஓரிடத்தில் களத்தில் போரடிப்பு. எல்லாப் பருவங்களும் ஒரே சுவரில். ஆளில்லாத வயல் அவருக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் மேலே ஆகாயத்தில் பாதுகாப்பு என்ற தேவதை மிதக்கிறாள். ஒரு கையில், யாரும் அச்சமின்றி நடக்கலாம், விதைக்கலாம் என்று அறிவிக்கும் சுருள். மறு கையில் தூக்குமரம், அதில் தொங்கும் மனிதன். நகர சபை பணம் கொடுத்து வரையச் சொன்ன பிரசாரச் சித்திரம்தான் அது. ஆனாலும் அந்த அமைதிக்கு என்ன விலை என்பதைக் கலைஞர் மறைக்கவில்லை. அதைக் கண்டுகொண்ட பிறகும் குன்றுகள் அழகாகவே இருக்கின்றன. தூக்குமரம் அவற்றைக் கெடுக்கவில்லை. அவை எதன் கீழ் இருக்கின்றன என்று சொல்கிறது.

இன்னொரு விதப் பயணியும் இப்பள்ளத்தாக்கில் நடந்திருக்கிறான். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்த பிறகு, முகாம்களிலிருந்து தப்பிய நேச நாட்டுப் போர்க்கைதிகள் இக்குன்றுகளின் வழியே தெற்கு நோக்கிப் போனார்கள். அவர்களுக்கு மரம் என்றால் மறைவு, புகை வரும் வீடு என்றால் ரொட்டி. பாஷை தெரியாத அந்நியர்களுக்கு வாரக் குடியானவர்கள் உணவும் இடமும் கொடுத்தார்கள்; பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே. ஐரிஸ் ஒரீகோ 1943-44இல் எழுதி 1947இல் வெளியிட்ட நாட்குறிப்பு இதற்குச் சாட்சி. அவரே ஐம்பதுக்கு மேற்பட்ட வாரக் குடித்தனங்கள் கொண்ட லா ஃபோச்சே பண்ணையின் சொந்தக்காரர். கணவரோடு 1924இல் அங்கே குடியேறியபோது நிலம் அரித்துப்போன களிமண். இன்று சுவரொட்டிகளில் காணும், ஸைப்ரஸ் வரிசையோடு வளைந்து ஏறும் பாதை அவர்கள் காலத்தில் போட்டதுதான். ஆதிகாலத்துக் காட்சி என்று பயணி நம்புவதற்கு நூறு வயதுகூட ஆகவில்லை. அங்கே அந்நியனுக்குச் சோறு போட்டவர்களும், கணக்கில் பாதி கொடுத்தவர்களும் ஒரே ஆட்கள். சுரண்டப்பட்டவர்கள் என்ற சொல் அவர்களை முழுக்கச் சொல்லிவிடுவதில்லை.

ஆகவே மாணவனின் சந்தோஷத்தைக் குற்றம் என்று சொல்ல நான் தயாரில்லை. அது குற்றமல்ல, கடன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. குற்றத்துக்குத் தண்டனையோ மன்னிப்போ கிடைத்து விவகாரம் முடிந்துபோகும். கடன் முடிவதில்லை, அதிலும் கடன் கொடுத்தவர்கள் இறந்தும் சிதறியும் போன பிறகு. அழகு சுதந்திரமானது என்பவன் தன் கடனைத் தானே தள்ளுபடி செய்துகொள்கிறான். அந்த உரிமை கொடுத்தவனுக்கே உண்டு, வாங்கியவனுக்குக் கிடையாது. எல்லாம் சுரண்டல் என்பவன் தன் கடனைச் 'சமூக அமைப்பு' என்ற வேறொரு கணக்கில் எழுதிவிட்டுக் கை கழுவுகிறான்.

வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. கடன் திரும்பி வரவில்லை என்றால், காலவரை முடிவதற்குள் கடன்பட்டவரிடம் ஒப்புதல் கடிதம் ஒன்றில் கையெழுத்து வாங்குவோம். அதனால் ஒரு பைசாவும் வசூலாவதில்லை. ஆனால் கடன் காலாவதியாகாமல், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகளுக்கு உயிரோடு இருக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடி கையெழுத்து. ரசனையிலிருந்து நான் எதிர்பார்ப்பது இதற்கு அதிகமில்லை; இதற்குக் குறைவாகவும் இல்லை.