எரியாத சிவப்பு விளக்கு

"திருவாரூர்த் தேர் அழகு, வேதாரண்யம் விளக்கு அழகு" என்று தஞ்சைப் பக்கத்தில் சொல்வார்கள். அந்த விளக்குப் பெருமை கோயிலோடு நின்றுவிடவில்லை. வேதாரண்யத்திலிருந்து தெற்கே உப்பளங்களைத் தாண்டிக் கோடியக்கரைக்குப் போனால், அங்கே இருட்டில் இரண்டு வகை விளக்குகள் உண்டு. ஒன்று, கலங்கரை விளக்கம். சோழர் காலத்தது என்று ஊரார் சொல்லும் பழைய செங்கல் கட்டடத்தில் எஞ்சியிருந்ததையும் 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை சிதைத்துவிட்டது. ஆனால் பிற்காலத்தில் கட்டிய விளக்கம் இருக்கிறது. மற்றொன்று, சதுப்பு நிலத்தில் குபீரென்று தோன்றி மறையும் கொள்ளிவாய்ப் பிசாசு. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்களுக்கு இந்தப் பிசாசுகள் பழைய சிநேகிதர்கள். மெய் சொல்லும் விளக்கையும் பொய் சொல்லும் விளக்கையும் ஒரே இருட்டில் பார்த்துப் பிரித்தறிய வேண்டியிருப்பதுதான் அந்தக் கரையில் இருந்த சங்கடம்.

இன்று நாம் மோட்டார் காரில் ஏறி அந்தக் கரைக்குப் போகிறோம். சங்கடமும் நம்மோடு ஏறிக்கொண்டுவிட்டது. ஓட்டுகிறவரின் முன்னால் உள்ள பலகையில் அது சின்னச் சின்ன விளக்குகளாக உட்கார்ந்திருக்கிறது.

1930-இல் ராஜாஜி தொண்டர்களோடு உப்பு அள்ளிய அகஸ்தியம்பள்ளி அந்தச் சாலையில்தான் இருக்கிறது. அங்கே உப்பு மண்ணில் மட்டும் இல்லை, காற்றிலும் இருக்கிறது. காரின் மூடியைத் திறந்து பார்த்தால் அது செய்த வேலை தெரியும். செப்புக் கம்பியில் பச்சைக் களிம்பு. பாட்டரி முனையில் வெள்ளை மாவு பூத்திருக்கும். எல்லாவற்றையும்விட மோசம், எர்த் வயரை வண்டியின் உடம்போடு முடுக்கியிருக்கும் இடத்தில் துரு. காரில் மின்சாரம் போவதற்குத்தான் கம்பி. திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடம்பே பாதை. அந்த இடத்தில் துரு ஏறினால், மின்சாரம் பாதை தவறி வேறு விளக்குகளின் வழியாக வீடு திரும்பப் பார்க்கும். பிரேக்கை மிதித்தால் சம்பந்தமில்லாத விளக்கு ஒன்று மினுக்கும். சாட்சாத் கொள்ளிவாய்ப் பிசாசுதான்!

எலியின் கைங்கரியம் வேறு. வேதாரண்யம் கோயிலில் நெய் குடிக்க வந்த எலி, அணையப் போன திரியைத் தன்னை அறியாமல் தூண்டிவிட்ட புண்ணியத்தால் மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்று புராணம் சொல்லுகிறது. இந்தக் காலத்து எலி காரின் வயரைக் கடித்து விளக்கை அணைத்துவிடுகிறது. அதற்கு என்ன பிறவி காத்திருக்கிறதோ!

பாட்டரியின் படம் போட்ட சிவப்பு விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின் ஓடும்போது அது எரிந்தால் பலர் நேரே கடைக்குப் போய்ப் புதுப் பாட்டரி வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த விளக்கு பாட்டரியைக் குற்றம் சொல்லவில்லை. பாட்டரிக்குச் சோறு வரவில்லை என்கிறது. நல்ல பாட்டரி, வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும். வண்டி ஓடும்போது ஆல்ட்டர்னேட்டர் ஊட்டுவதால் அது 14 வோல்ட்டை ஒட்டி ஏறும். ஊட்டுகிற கை நின்றுபோனால், பெல்ட் அறுந்தாலும் வயர் கெட்டாலும், விளக்கு எரியும். வீட்டில் வருமானம் குறைந்தால் குழந்தையின் முகத்தில் தெரிகிறது. அதற்காகக் குழந்தையை மாற்றுவார்களா?

இது அறியாமை, மன்னித்துவிடலாம். என் மனத்தை உறுத்துவது வேறு ஒன்று. விளக்கு தொந்தரவு செய்கிறது என்று பல்பையே பிடுங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் செய்வது நியாயமா?

பிடுங்குகிறவர் அயோக்கியர் அல்ல. வாடகை வண்டி ஓட்டுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதமாக விளக்கு மினுக்குகிறது. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று கூலி வாங்கிக்கொண்டார்கள். சவாரிக்கு வருகிறவர்கள் விளக்கைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். பத்துத் தடவை பொய் சொன்னவனைப் பதினோராவது தடவை நம்ப வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்லுகிறது? அவர் கேட்பது நல்ல கேள்விதான்.

ஆனால் அந்த விளக்கு முழுப் பொய்யும் சொல்லவில்லை. பாட்டரியைப் பற்றிச் சொன்னது பொய்யாக இருக்கலாம். எங்கோ ஒரு முடுக்கில் துரு இருக்கிறது என்பது மெய். இன்னொன்றையும் பாருங்கள். பல கார்களில் ஆல்ட்டர்னேட்டர் விழித்துக்கொள்வதற்கு வேண்டிய முதல் துளி மின்சாரம் அந்தச் சின்ன பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்பைப் பிடுங்கினால் ஆல்ட்டர்னேட்டர் வேலை செய்யாமல் தூங்கிவிடலாம். இல்லாத நோயைச் சொல்லுகிறது என்று வாயை அடைத்தார். அடைத்ததால் அந்த நோயே வந்து சேர்ந்தது!

சரி, பல்பை எடுத்தவர் தனியாக ஓட்டினால் அவர் பாடு. ஆனால் பின் இருக்கையில் ஒரு தாயும் குழந்தையும் உட்கார்ந்து, இரவில் கோடியக்காட்டு வழியே போகிறார்கள். பலகையில் விளக்கு எரியவில்லை என்பதை, "எல்லாம் சௌக்கியம்" என்று யாரோ சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள். வாயைத் திறக்காமலே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. தன் காதைப் பொத்திக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு. பிறர் காதையும் சேர்த்துப் பொத்த அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

இந்த விஷயத்தில் நாகப்பட்டினம் கரைக்காரர்களிடம் நாம் பாடம் கேட்கலாம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றாம் எண், மூன்றாம் எண் என்று ஏறும், புயல் வேறு பக்கம் போய்விடும், கூண்டு இறங்கும். இப்படி எத்தனையோ தடவை. அதற்காகக் கம்பத்தைப் பிடுங்கு என்று யாரும் கிளம்பவில்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி பொழுது விடிவதற்குமுன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறித் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. அந்தக் கூண்டு வரிசையில் எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை பேரபாயத்துக்கு உரியவை. அதற்கும் மேலே பதினொன்று ஒன்று இருக்கிறது. அதற்கு அர்த்தம், இன்னும் பெரிய புயல் என்பதல்ல. வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, செய்தி வரவில்லை என்பதுதான். வரிசை வகுத்தவர்கள், செய்தி இல்லாமையை எல்லாச் செய்திக்கும் மேலே வைத்தார்கள்.

கார் செய்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. சாவியை ஒரு கட்டம் திருப்பி, என்ஜினைக் கிளப்பாமல் வைத்தால், சிவப்பு விளக்குகள் எரிய வேண்டும். "எனக்குப் பேச வரும்" என்று முதலில் காட்டிவிட்டுப் பிறகுதான் அவை மௌனம் சாதிக்கும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைத் தட்டிப் பார்க்கிறார்கள். டயரை உதைத்துப் பார்க்கிறார்கள். சாவியை அந்த ஒரு கட்டம் மட்டும் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. திருப்பிப் பார்த்து, ஒரு விளக்கும் எரியாமல், விற்கிறவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "பார்த்தீர்களா ஸார், வண்டியிலே ஒரு குறையும் கிடையாது!" என்று பெருமைப்பட்டால், சாவியை அவர் கையிலேயே மரியாதையாகக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கலாம்.