வாயில்லாச் சாட்சிகள்

சரக்கை விற்பதற்காகப் பொய்யுரைப்பது குற்றம் என்பதை யாவரும் ஒப்புவர். அப்பொய்யை ஒரு விலங்கின் மீது ஏற்றிச் சொன்னால் அது எந்தக் கணக்கில் சேரும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வணிகர்கள் சிறுசிறு வண்ண அட்டைகளை இலவசமாக வழங்கினர். கல்லச்சில் பல வண்ணங்களை மலிவாக அச்சிடும் முறை பரவியதால் பிறந்த வழக்கம் அது. முன்புறம் படம், பின்புறம் சரக்கின் புகழ். வண்ணப் படம் அரிதாயிருந்த வீடுகளில் பெண்டிரும் பிள்ளைகளும் அவற்றை ஏடுகளில் ஒட்டிப் பாதுகாத்தனர். சட்டை அணிந்த தவளையும் நூற்கண்டோடு விளையாடும் பூனைக்குட்டியும் அவற்றில் உலவின. இவற்றில் குற்றம் காண்பவன் குழந்தைகளின் சிரிப்பை அறியாதவன்.

ஜம்போ என்னும் யானையின் அட்டை அத்தகையதன்று. லண்டன் மிருகக்காட்சி சாலையில் பிள்ளைகளை முதுகில் சுமந்து வந்த அந்த ஆப்பிரிக்க யானையை, 1882இல் பார்னம் என்னும் அமெரிக்க சர்க்கஸ்காரர் 10,000 டாலருக்கு வாங்கினார். கப்பலுக்கு நடத்திச் செல்ல முயன்றபோது அது வர மறுத்துத் தெருவிலேயே படுத்துவிட்டது. ஆங்கிலேயப் பிள்ளைகள் ராணிக்குக் கடிதம் எழுதி மன்றாடினர். பயனில்லை, பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றினார்கள்.

வில்லிமான்டிக் நூல் கம்பெனி இதைத்தான் அட்டையாக்கியது. ஜம்போ போயே தீர வேண்டுமாம். அதனை இழுப்பது தங்கள் நூலாம்! நூல் உறுதியானதாகவே இருந்திருக்கலாம். யானையை நூல் இழுக்கும் என்று நம்பி எவரும் ஏமாந்திருக்கவும் மாட்டார்கள். ஆகவே இதைப் பொய் என்று சொல்லுவதற்கில்லை. ஆனால் ஓர் உயிர் தன்னால் இயன்ற ஒரே வழியில் 'வரமாட்டேன்' என்று சொன்னதை, நூலின் வலிமைக்குச் சான்றாக மாற்றினார்களே, அது பொய்யினும் கொடிதென்பேன். 1885இல் கனடாவில் ரயில் மோதி ஜம்போ மாண்டது. அதன்பின் தோலைப் பதப்படுத்தி ஒன்று, எலும்புக்கூடு ஒன்று என இரண்டு காட்சிப் பொருள்களாயின.

விளம்பர அட்டை என்றாலே இப்படித்தான் என்று எண்ணிவிடலாகாது. 'ஆர்ம் அண்ட் ஹாமர்' சமையல் சோடாவின் அட்டைகளில் அமெரிக்கப் பறவைகள் தத்தம் உருவிலும் தத்தம் பெயரிலும் இடம்பெற்றன. சோடாவுக்காக அவை வாய் திறக்கவில்லை. அவர்களும் ஆதாயம் கருதித்தான் அச்சிட்டார்கள். எனினும் அனைவர் நலனுக்காகவும் பறவைகளை அழிக்காதீர் என்னும் வேண்டுகோளும் அவ்வட்டைகளில் இருந்தது.