‘சிஸ்டம் ஏத்துக்கல’ என்கிறார்களா? எழுந்து நில்!

தங்கையே, தம்பியே! ‘சிஸ்டம் ஏத்துக்கல, அடுத்த வாரம் வாங்க’ என்ற பேச்சைக் கேட்காத வீடு நம் ஊரில் உண்டா? ரேஷன் கடை மெஷினில் பாட்டியின் ரேகை விழுவதில்லை. இ-சேவை மையத்தில் கொடுத்த விண்ணப்பம் ஒற்றை வரிக் காரணத்தோடு திரும்பி வருகிறது. முதியோர் உதவித்தொகை திடீரென நின்றுபோகிறது. யார் நிறுத்தினார்கள் என்று கேட்டால் கிளார்க் கையை விரிக்கிறார், தாசில்தாரும் கையை விரிக்கிறார். அவர்கள் பொய் சொல்லவில்லை. பல நேரங்களில் முடிவெடுத்தது உண்மையிலேயே அவர்கள் இல்லை.

பின் யார்? இந்தக் கேள்வியையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்ள ஒரு துறை இருக்கிறது. மின் ஆளுமை, செயற்கை நுண்ணறிவு ஆளுகை என்று அதற்குப் பெயர். அதற்கு முனைவர் பட்டம் உண்டு, பேராசிரியர் பதவி உண்டு, ஆண்டுதோறும் உலக மாநாடுகள் உண்டு, 1984 முதல் வெளிவரும் ஆய்விதழ் உண்டு. போர்ச்சுகலின் கிமராயிஸ் நகரில் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் இதற்கென்றே தனிப் பிரிவு நடத்துகிறது. இந்தத் துறையின் நாற்காலி ஒன்று உனக்காகக் காலியாக இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

‘எனக்கா? அரசுக் கல்லூரியில் பி.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிற எனக்கா? கோடிங் தெரியாது, ஆங்கிலம் தடுமாறும், வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை’ என்கிறாயா? சரி, ஒரு வகுத்தல் கணக்கைப் பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவில் அரசு உதவித்தொகை வாங்குபவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தங்கள் வருமானத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மாணவர் அரை ஆண்டு வேலை பார்க்கிறார், இரண்டு வாரத்துக்கு 2,000 டாலர் சம்பளம். 13 முறை வாங்கினால் 26,000 டாலர். மீதி அரை ஆண்டு வேலை இல்லை, உதவித்தொகை வாங்குகிறார். எல்லாம் நேர்மையாக நடந்திருக்கிறது. அரசின் கணினி என்ன செய்தது தெரியுமா? வரித்துறையிடம் இருந்த 26,000 என்ற ஆண்டுத் தொகையை எடுத்து 26-ஆல் வகுத்தது. ‘ஆண்டு முழுவதும் இரண்டு வாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்திருக்கிறாய், வேலை இல்லை என்று சொல்லி எங்களை ஏமாற்றிவிட்டாய், பணத்தைத் திருப்பிக் கட்டு’ என்று கடிதம் அனுப்பியது. வாரத்துக்கு 20,000 கடிதம் வரை போயிற்று. ஏமாற்றவில்லை என்று நிரூபிக்க வேண்டிய சுமை கடிதம் பெற்றவரின் தலையில். பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டை எங்கே போய்த் தேடுவது?

மக்கள் அதற்கு வைத்த பெயர் ரோபோடெட். சராசரி போட்டால் உண்மை கிடைத்துவிடும் என்று நம்பியவர்கள் பெரிய அதிகாரிகள், பெரிய சம்பளம் வாங்கியவர்கள். உன் அம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பார்: ‘நடவு நேரத்துல வேலை இருக்கும், அப்புறம் ரெண்டு மாசம் சும்மா கிடக்கணும். எல்லா வாரமும் ஒரே கூலியா வருது?’ கூலி வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பாடமே தேவைப்படாத அந்த அறிவு ஒரு நாட்டின் தலைமைச் செயலகத்தில் இல்லாமல் போயிற்று. எதைச் சொல்ல நீ வெட்கப்படுகிறாயோ, அதுதான் அங்கே பஞ்சமாக இருந்தது. இதை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்.

அந்தக் கணக்கை எதிர்த்து முதலில் நிமிர்ந்தவர்களில் ஒருவர் டெரி கார்னி. சிட்னி பல்கலைக்கழகத்தின் தகைசால் சட்டப் பேராசிரியர். சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலேயே வாழ்நாளைச் செலவிட்டவர், உதவித்தொகை மேல்முறையீடுகளை விசாரிக்கும் தீர்ப்பாயங்களில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் உறுப்பினர். 2017 மார்ச்சில் அவர் முன் ஒரு வழக்கு வந்தது. சராசரியை வைத்து ஒருவரைக் கடன்காரர் ஆக்கச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பு எழுதினார். அடுத்தடுத்து வந்த வழக்குகளிலும் அதையே எழுதினார். அரசு மேல்முறையீடு செய்யவில்லை. செய்திருந்தால் விஷயம் வெளிச்சத்துக்கு வந்திருக்கும். தீர்ப்பாயத்தின் அந்த நிலைத் தீர்ப்புகள் பொதுவெளியில் வெளியிடப்படவும் இல்லை. கடிதங்கள் தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தன. அதே 2017-ல் அவருடைய பதவிக்காலம் முடிந்தது, மறுபடி நியமிக்கவில்லை.

வேறொருவர் என்றால் வீட்டில் உட்கார்ந்திருப்பார். கார்னி ஆய்வாளர். 2018-ல் சட்ட ஆய்விதழ் ஒன்றில் தன் வாதத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். தீர்ப்பாயம் கதவைச் சாத்தினாலும் ஆய்விதழின் கதவு திறந்திருந்தது. 2019 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில், சராசரியை வைத்துச் சுமத்திய கடன் சட்டப்படி செல்லாது என்று அரசே ஒப்புக்கொண்டது. 2021-ல் கூட்டு வழக்கில் நீதிபதி குறிப்பிட்ட கணக்கு: சுமார் 4,33,000 பேர் மீது குறைந்தது 176 கோடி ஆஸ்திரேலிய டாலர் சட்டவிரோதமாகச் சுமத்தப்பட்டிருந்தது. 2023 ஜூலையில் அரச ஆணையம் அந்தத் திட்டத்தைக் கிழித்துத் தொங்கவிட்டு அறிக்கை தந்தது. முதல் தீர்ப்புக்கும் அந்த அறிக்கைக்கும் நடுவே ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளும் ஒரு பேராசிரியரின் எழுத்து அழியாமல் நின்றது. இந்த வேலைக்கு வருவதென்றால் இப்படிப்பட்ட முதுகெலும்போடு வா.

ஆத்திரம் மட்டும் போதும் என்று நினைத்துவிடாதே. இந்தத் துறையில் எனக்கு மிகவும் மதிப்பான ஆய்வுகள் இரண்டு. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் மூவரும் செய்தவை. முதலாவது ஆந்திரத்தில். கைரேகையோடு கூடிய ஸ்மார்ட் கார்டு வழியாக நூறு நாள் வேலைக் கூலியும் ஓய்வூதியமும் கொடுத்தால் என்ன ஆகும் என்று 157 மண்டலங்களில், 1 கோடியே 90 லட்சம் மக்கள் வாழும் பரப்பில் சோதித்தார்கள். கூலி சீக்கிரம் வந்தது, களவு குறைந்தது, ஏழைகள் விடுபடவும் இல்லை. 2016-ல் அதை வெளியிட்டார்கள். இரண்டாவது ஜார்க்கண்டில். அங்கே ரேஷன் கடையில் கைரேகையைக் கட்டாயமாக்கியபோது, அந்தக் கட்டாயத்தால் மட்டும் களவு குறையவில்லை. ஆதாரை முன்பே இணைத்திராதவர்களுக்குக் கிடைத்த பொருளின் மதிப்பு 10 சதவீதம் குறைந்தது. 2020-ல் அதையும் அதே நேர்மையோடு வெளியிட்டார்கள்.

இரண்டிலும் கைரேகைதான். ஓரிடத்தில் ஏழைக்குத் துணை, இன்னோர் இடத்தில் ஏழைக்குத் தடை. தொழில்நுட்பம் எல்லாம் நல்லது என்று மேடையில் பேசுகிறவருக்கும் இது பிடிக்காது, எல்லாம் சதி என்று தெருவில் பேசுகிறவருக்கும் பிடிக்காது. பரவாயில்லை. எந்த விதி, எந்த ஊர், யாருக்கு எவ்வளவு நட்டம் என்று எண்ணிச் சொல்கிறவருக்கு முன்னால் அமைச்சரும் நின்று கேட்டாக வேண்டும். எண்ணிச் சொல்கிற அந்த ஆளாக நீ ஆக வேண்டும்.

கோட்பாடும் வேண்டும், அதைக் கண்டு மிரளாதே. மார்க் போவன்ஸ், ஸ்டாவ்ரோஸ் சவுரிடிஸ் என்ற இரண்டு நெதர்லாந்து அறிஞர்கள் 2002-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். முன்பு அரசு என்றால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த ஊழியர். மனு கொடுத்தவரின் முகத்தைப் பார்த்து இளகுவதா இறுக்குவதா என்று அவர் முடிவு செய்வார். பிறகு அவர் முன் திரை வந்தது, அதற்கும் பிறகு அவரே தேவைப்படவில்லை. அவரிடமிருந்த அதிகாரம் மென்பொருளை வடிவமைக்கிறவர்களின் கைக்குப் போய்விட்டது என்பதுதான் அவர்கள் சொன்னது. இன்று எந்தத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தாலும் அது கண்முன் நடக்கிறது. அவர்கள் நாட்டிலேயே நடந்தது: குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்தார்கள் என்று பல்லாயிரம் பெற்றோரை வரித்துறை தவறாகத் துரத்தியது. அந்த வேட்டையில் ஓர் அல்காரிதமும் இருந்தது, வெளிநாட்டுக் குடியுரிமை அதில் ஒரு சந்தேகக் குறியாக இருந்தது. 2021 ஜனவரி 15-ல் அமைச்சரவை மொத்தமும் பதவி விலகியது. கட்டுரை வந்து 19 ஆண்டுகள் ஆகியும் எச்சரிக்கை ஆட்சியாளர்களின் காதில் ஏறவில்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமையைத் தருகிறது.

இப்போது நம் மண்ணுக்கு வா. தமிழ்நாடு அரசு 2020-லேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கு என்று ஒரு கொள்கையை வெளியிட்டது. ஓர் ஏஐ மென்பொருளை மக்களிடம் விடுவதற்கு முன் அதற்கு மதிப்பெண் போட வேண்டும் என்று அதில் இருக்கிறது. எந்தத் துறை எந்த மென்பொருளுக்கு என்ன மதிப்பெண் போட்டது? இந்த ஒரு கேள்வியில் ஒரு முனைவர் பட்டம் இருக்கிறது.

இன்னொன்று. 2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் பெண்கள் விண்ணப்பித்தார்கள். முதலில் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர் தேர்வானார்கள். ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கும் குடும்பத்துக்குத் தொகை கிடையாது என்பது விதிகளில் ஒன்று. ஒரே மீட்டரில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் இருக்கிற வீட்டில் அந்த யூனிட் யார் கணக்கில் ஏறுகிறது? வாடகை வீட்டில் இருப்பவளுக்கு? கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்தவர்களில் யார் வென்றார்கள், யார் மேல்முறையீடு என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் விட்டுவிட்டார்கள்? விண்ணப்பங்களைத் தரவுகளோடு ஒப்பிடும் இத்தனை பெரிய வேலை உலகில் எங்கே நடந்தாலும் ஆய்வாளர்கள் ஓடி வருவார்கள். இது உன் தெருவில் நடந்திருக்கிறது. உன் அத்தையும் பக்கத்து வீட்டு அக்காவும் அதில் இருக்கிறார்கள். அவர்கள் பேசும் மொழி உனக்குத் தாய்மொழி. வெளிநாட்டு ஆய்வாளருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அறிமுகம் வேண்டும், நம்பிக்கை பெற மாதங்கள் வேண்டும். நீ திண்ணையில் உட்கார்ந்தால் போதும்.

கோடிங்? புள்ளியியலும் கொஞ்சம் பைத்தானும் கற்றுக்கொள், தரவைப் படிக்கிற அளவுக்கு. அரசாணையை வரிவரியாகப் படிக்கத் தெரிவது அதைவிடப் பெரிய திறமை, அதைக் கணினித் துறைக்காரர்கள் பெரும்பாலும் கற்பதில்லை. ஆங்கிலம்? தினம் ஓர் ஆய்வுக் கட்டுரை என்று வாசி, முதல் மாதம் தலை சுற்றும், வாசித்துக்கொண்டே இரு. பணம்? நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் மாதம் 37,000 ரூபாய். நம் வீடுகளில் பல பெரியவர்கள் மாதம் முழுவதும் வெயிலில் நின்றாலும் கிடைக்காத தொகை அது. வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் அதைக் கொடுக்கிறார்கள், கூசாமல் வாங்கிக்கொள். சென்னை ஐஐடியில் பொறுப்பான செயற்கை நுண்ணறிவுக்கென்று ஒரு மையமே இருக்கிறது. அதன் பேராசிரியர் பி.ரவீந்திரன் தலைமையிலான குழுதான் 2025 நவம்பரில் வெளியான இந்திய ஏஐ ஆளுகை வழிகாட்டுதல்களை வரைந்தது. அப்படியானால் டெல்லியின் மேசைக்குப் போகும் வழி கிண்டி வழியாகவும் போகிறது. கடல் தாண்டவும் தயங்காதே. பெல்ஜியத்தின் லூவன், ஜெர்மனியின் மியூன்ஸ்டர், எஸ்டோனியாவின் டாலின் மூன்றும் சேர்ந்து மின் ஆளுமைக்கென்றே ஒரு கூட்டு முதுகலைப் படிப்பை உருவாக்கின.

எஸ்டோனியா என்றதும் உலகமே மெச்சும் மின்னணு நாடு என்பார்கள், உண்மைதான். அந்த நாட்டின் அடையாள அட்டைச் சிப்பில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர்களும் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழுவினர்தான், செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழகத்தில். 2017-ல் ஏறத்தாழ ஏழரை லட்சம் அட்டைகளின் சான்றுகளை எஸ்டோனியா நிறுத்திவைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அரசு கோபித்துக்கொள்ளவில்லை, மக்களிடம் வெளிப்படையாகச் சொன்னது. அப்படிப்பட்ட ஆய்வாளர்களும் அப்படிக் கேட்டுக்கொள்ளும் அரசும் நமக்கும் வேண்டும். முதலாவது உன் கையில் இருக்கிறது.

யாரிடம் அனுமதி கேட்கக் காத்திருக்கிறாய்? பட்டம் வாங்கிய பிறகு ஆராய்ச்சி என்று தள்ளிப்போடாதே. தகவல் உரிமைச் சட்ட மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதில் தர அரசுக்கு அவகாசம் 30 நாள். உன் ஊரில் திரும்பி வந்த ஒரு விண்ணப்பத்தை எடு. இதை நிராகரித்த விதி எது? அந்த விதியை மென்பொருளில் எழுதியது யார்? எந்த ஒப்பந்தத்தின் கீழ்? வெளியிடும் முன் அதைச் சோதித்தது யார், அது எத்தனை பேரைத் தவறாக ஒதுக்கியது? நான்கு கேள்வி, ஒரு தாள், நீதிமன்றக் கட்டண வில்லை ஒன்று. இன்று மாலையே எழுது. நாளை காலை தபாலில் போடு.