மூடிய ஓட்டுக்குள்ளும் ஒளி



கோவிலுக்குள் வரும்போது தீர்த்தத்தைத் தொட்டுச் சிலுவை அடையாளம் வரைகிறோம். பாரிஸ் நகரின் சான் சுல்பீஸ் ஆலயத்தில் தீர்த்தத் தொட்டிகளாக இருப்பவை ஒரு ராட்சத சிப்பியின் இரண்டு ஓடுகள். வெனிஸ் குடியரசு பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சிசுக்குப் பரிசாகக் கொடுத்தவை.

அந்தச் சிப்பி உயிரோடு இருந்ததை எண்ணிப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு மேல் வளரும் இனம் அது. எடை 200 கிலோவையும் தாண்டும். பவளப்பாறைகளுக்கிடையே ஓரிடத்தில் அமர்ந்துவிட்டால் ஆயுள் முழுவதும் அங்கேதான். பகலில் ஓட்டைத் திறந்து, நீலமும் பச்சையுமாக மின்னும் சதையை வெயிலுக்கு விரித்து வைக்கும். சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் அந்த வெயிலில் உணவு தயாரித்து, அதற்கும் பங்கு கொடுக்கும். சதையின் விளிம்பில் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு கண்கள். மேலே நிழல் விழுந்தால் போதும், சதையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நிழல் விலகியதும் மறுபடி விரியும்.

நாம் எப்படி? ஒரு சுடுசொல், ஒரு சொத்துத் தகராறு, வீட்டில் ஒரு சாவு. அன்று சாத்திய மனத்தைத் திரும்பத் திறந்தோமா? கூடப்பிறந்தவரோடு பேசி எத்தனை ஆண்டு? பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனை காலம்?

“திறக்கத்தான் நினைக்கிறேன் சாமி, முடியவில்லையே” என்று உங்களில் சிலர் கண்ணீரோடு சொல்வதுண்டு. உங்களுக்காகவே இதைச் சொல்கிறேன். ராட்சத சிப்பியின் குடும்பத்திலேயே, உள்ளங்கையில் அடங்கும் இதய வடிவ மட்டி ஒன்று உண்டு. அதற்குள்ளும் பாசிகள் வாழ்கின்றன. ஆனால் அது ராட்சத சிப்பியைப் போல விரிந்து கிடப்பதில்லை. பிறகு ஒளி எப்படிப் போகிறது? ஓட்டுக் கூரையில் பதித்த கண்ணாடி ஓடு போல, அதன் ஓட்டிலேயே ஒளி புகும் நுண்ணிய சாளரங்கள் இருக்கின்றன. அங்கே இழை இழையாக நிற்கும் சுண்ணப் படிகங்கள் வேண்டிய ஒளியை உள்ளே விட்டு, கேடு செய்யும் புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுக்கின்றன என்று 2024-இல் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள்.

ஒரு மட்டியின் ஓட்டிலேயே ஒளிக்கு வழி வைத்த ஆண்டவர், உங்கள் மனத்தில் வழி வைக்காமல் விடுவாரா? உயிர்த்த இயேசு, சீடர்கள் பயந்து பூட்டிக்கொண்டிருந்த அறைக்குள் வந்து நின்றார். ஓடிப்போனவர்களை அவர் கடிந்துகொள்ளவில்லை; அமைதியைத்தான் தந்தார். அவருடைய இரக்கம் நம் துணிச்சலுக்காகக் காத்திருப்பதில்லை. செபிக்க முடியாமல் விட்ட பெருமூச்சும் அவருக்குப் போதுமான வாசல்.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் வீட்டில் மனம் பூட்டிக்கிடப்பவரை வற்புறுத்தித் திறக்கப் பார்க்காதீர்கள். அவருக்கும் சேர்த்துச் சோறு வையுங்கள், அவர் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். உங்கள் மனமே பூட்டிக்கிடந்தால், இந்த வாரம் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வாருங்கள். சொல்ல வார்த்தை வராவிட்டாலும் வாருங்கள். இரக்கமுள்ள ஆண்டவர் உங்களுக்கு முன்பே அங்கே இருப்பார். ஆமென்.