சத்தம் நின்றால் போதுமா?

‘ஒரே டென்ஷன் சார்’ என்று சொல்லாத ஆள் உண்டா? நாமெல்லாம் வேண்டாவெறுப்பாகத்தான் டென்ஷன் ஆகிறோம். டென்ஷனையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் ஒரு சின்ன உருப்படி உங்கள் கார் இன்ஜினுக்குள் இருக்கலாம். பெயரே டென்ஷனர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அது திண்டுக்கல் நண்பர் ஒருவரை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்துவிட்டது. அவர் என்னிடம் கேட்ட கேள்வியை இப்போது உங்களிடம் கேட்கப்போகிறேன். அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள்.

நண்பருக்கு நூல் வியாபாரம். வேடசந்தூர் பக்கத்து மில்களுக்கு அடிக்கடி போய்வருபவர். ஆசைப்பட்டு ஒரு வெளிநாட்டுச் சொகுசு காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி, நாலைந்து வருஷம் ஓட்டினார். பதினைந்து வயதைத் தாண்டிய வண்டி. ‘யானையைக் கட்டித் தீனி போட முடியலை’ என்று விற்க முடிவு செய்தார். ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு காய்கறி மண்டிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

அந்த வாரம் பார்த்து, காலையில் ஸ்டார்ட் பண்ணினால் முதல் இரண்டு விநாடி இன்ஜினுக்குள் ‘கடகட’வென்று ஒரு சத்தம். அப்புறம் தானாக அடங்கிவிடுகிறது. பைபாஸ் ரோட்டில் பழக்கமான மெக்கானிக் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனார். பாய் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டார், டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்கிற மாதிரி.

“டைமிங் செயின் அடிக்குது தம்பி. டென்ஷனர் போயிடுச்சு.”

இன்ஜினின் கீழே பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றுவது கிராங்க் ஷாஃப்ட். மேலே வால்வுகளைத் திறந்து மூட வைப்பது கேம் ஷாஃப்ட். கீழே இரண்டு சுற்று என்றால் மேலே ஒரு சுற்று. இந்தக் கணக்கு பிசகாமல் இரண்டையும் இணைப்பதுதான் டைமிங் செயின். கிராங்க் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது! அந்த ஓட்டத்தில் செயின் தொய்ந்துவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது டென்ஷனர். பெரும்பாலான வண்டிகளில் ஆயிலின் அழுத்தம்தான் அதற்குப் பலம். காலையில் அந்த அழுத்தம் ஏறுவதற்குள் வருகிற சத்தம்தான் எச்சரிக்கை. கவனிக்காமல் விட்டால் செயின் பல் தாண்டிவிடும். பல இன்ஜின்களில், நேரத்துக்கு மூடாத வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் இன்ஜின் செலவு வண்டியின் விலையையே தாண்டிவிடலாம்.

பாய் மூன்று வழி சொன்னார். முதலாவது, கார் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டியில் வருகிற டென்ஷனர். இரண்டாவது, அந்தக் கம்பெனிக்கே சப்ளை செய்கிற தொழிற்சாலை தன் சொந்தப் பெயரில் விற்பது. பொருள் பெரும்பாலும் ஒன்றுதான், விலை மட்டும் குறைவு. மூன்றாவது, எவரோ பார்த்துச் செய்த காப்பி. ஒரிஜினல் விலையில் கால்வாசிகூட இல்லை.

“மூணாவதைப் போட்டாலும் சத்தம் நிக்கும் தம்பி. எத்தனை நாளைக்குன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க!”

அன்று ராத்திரி நண்பர் எனக்கு போன் செய்தார். “ஞாயித்துக்கிழமை வரைக்கும் நின்னா போதும் சார். விக்கப்போற வண்டிக்கு நான் எதுக்குக் காசைக் கொட்டணும்? பழைய வண்டின்னு தெரிஞ்சுதானே வாங்க வர்றார்? எனக்கு வித்த ஆள் மட்டும் எல்லாத்தையும் சொல்லியா வித்தார்?”

இதுதான் அந்தக் கேள்வி. கேட்கும்போது நியாயம் மாதிரித்தான் இருக்கிறது, இல்லையா?

சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்னால் கிரேக்க நாட்டு பிளேட்டோ தன் ‘குடியரசு’ நூலில் ஒரு கதை சொல்கிறார். ஆடு மேய்க்கும் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதைத் திருகினால் அவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அவ்வளவுதான், நேரே அரண்மனைக்குப் போகிறான். ராணியை வசப்படுத்தி, ராஜாவைக் கொன்று, நாட்டையே பிடித்துக்கொள்கிறான். யாருக்குமே தெரியாது என்றால், நல்லவனும் கெட்டவன் மாதிரிதானே நடந்துகொள்வான் என்பது அந்த நூலில் எழுப்பப்படும் வாதம்.

நமக்கு அப்படி ஒரு மந்திர மோதிரம் தேவையில்லை. இன்ஜினின் மூடியே போதும். உள்ளே எந்த டென்ஷனர் இருக்கிறது என்று மண்டிக்காரருக்கு எப்படித் தெரியும்?

எனக்கு உடனே பதில் வரவில்லை. “பாய் என்ன நினைக்கிறார்னு கேட்டுப் பாருங்களேன்” என்று மட்டும் சொன்னேன். மறுநாள் பாய் சொன்ன பதில் எங்கள் இருவரையுமே யோசிக்க வைத்துவிட்டது.

“ஒரிஜினலே வாங்கினாலும், அதை மட்டும் மாத்தினா அதுவும் பொய்தான் தம்பி!”

எப்படி? வருஷக்கணக்கில் ஓடிய செயின் தேய்ந்து நீண்டிருக்கும். அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடுகள் சூட்டில் வெந்து, மொறுமொறுவென்று ஆகியிருக்கும். புது டென்ஷனர் அந்தத் தொய்வை இழுத்துப் பிடித்துவிடும். சத்தம் நின்றுவிடும். கோளாறு அப்படியே இருக்கும். அதனால் பிரித்து, அளந்து பார்த்து, தேய்ந்திருந்தால் செயின், கைடு, பல்சக்கரம், டென்ஷனர் எல்லாவற்றையும் செட்டாக மாற்றுவதுதான் முறை.

ஒரிஜினல் என்ற பெயரும் கும்பிடுகிற சாமி அல்ல. 1990-களின் கடைசியில் வந்த ஜாகுவார் வி8 இன்ஜின்களில், மேலே இருந்த சின்னச் செயின்களின் டென்ஷனர் உடம்பு பிளாஸ்டிக். ஆக ஆக அது விரிசல் விட்டது. பிற்பாடு உலோக உடம்புக்கு மாறினார்கள். பழைய வண்டிக்கு வாங்குகிறவர், பெட்டி மேல் இருக்கும் பெயரோடு, அது திருத்தி வந்த புது வடிவமா என்றும் கேட்டு வாங்க வேண்டும்.

ஆக, விலை அதிகமானதை வாங்கியவர் உத்தமர், மலிவை வாங்கியவர் அயோக்கியர் என்று சொல்லிவிட முடியாது. கையில் காசில்லாதவர் மலிவானதைப் போட்டு, ‘மலிவுதாங்க போட்டிருக்கேன்’ என்று சொல்லி விற்றால் அதில் குற்றமே இல்லை. தப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? சத்தத்தை மட்டும் நிறுத்துவதில்.

அந்தக் ‘கடகட’ இன்ஜின் சொல்லும் சாட்சி. சாட்சியின் வாயைக் கட்டிவிட்டு, ‘நான் பொய்யே சொல்லலையே’ என்றால் எப்படி? பழைய வண்டி என்று தெரிந்து வாங்குவது வேறு. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டு விற்பது வேறு. பிள்ளைகுட்டிகளோடு ராத்திரி மதுரை ரோட்டில் போகும்போது இன்ஜின் நின்றுவிட்டால், ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக் இறுகிவிடும். பின்னால் லாரி வரும். நண்பர் மிச்சம் பிடித்த பணத்தின் விலை அது.

‘எனக்கு வித்தவர் சொன்னாரா?’ என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லைதான். அது அவர் பட்ட கடன். அதை மண்டிக்காரரிடம் வசூலிக்க நண்பருக்கு என்ன உரிமை?

திண்டுக்கல்காரர்களுக்கு இது புதிதில்லை. அவர்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவது இரும்பும் பித்தளையும்தான். பூட்டின் பலமோ உள்ளே ஒளிந்திருக்கும் லீவர்களில் இருக்கிறது. கையால் ராவிச் சேர்த்த அதை யாரும் பிரித்துப் பார்த்து வாங்குவதில்லை. யாரும் பார்க்காத இடத்தில் ஒழுங்காகச் செய்தவர்களால்தான் அந்த ஊருக்கே பெயர்.

நண்பர் என்ன செய்தார்? எதையும் மாற்றவில்லை. மண்டிக்காரரிடம், “காலையில ஏழு மணிக்கே வாங்க, இன்ஜின் சூடாகறதுக்கு முன்னால நீங்களே கேளுங்க” என்று சொல்லிவிட்டார். அவர் வந்தார், கேட்டார், முழு செட் மாற்றும் செலவையும் அதற்கு மேலேயும் கழித்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போனார்.

“நஷ்டம்தான் சார். வருத்தமாத்தான் இருக்கு” என்றார் நண்பர். அப்புறம், “ஆனா ரோட்டுல அந்த வண்டியைப் பார்த்தா வேற பக்கம் திரும்பிக்க வேண்டியதில்லை” என்றார்.

இதைப் படித்துவிட்டுச் சொகுசு கார் இல்லாதவர்கள் நிம்மதியாகிவிட வேண்டாம். வீட்டை விற்கும்போது ஓதம் ஏறிய சுவருக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறோம். வரன் பேசும்போது பையனின் கடனை மறைக்கிறோம். ‘டீச்சர் அடிக்கிறாங்க’ என்று அழும் குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்து அழுகையை நிறுத்துகிறோம். எல்லாமே சத்தம் நிறுத்தும் வேலைதான்.

நாளைக் காலை உங்கள் வீட்டில் ஏதாவது ‘கடகட’த்தால், அதை அடக்குவதற்கு முன்னால் இரண்டு விநாடி காது கொடுத்துக் கேளுங்கள்.