கல்சுவரின் இருபுறமும்

1913 ஜூலை 3. பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க். தாழ்வான ஒரு கல்சுவர். ஒருபுறம் வடக்கின் முதியவர்கள், மறுபுறம் தெற்கின் முதியவர்கள். 50 ஆண்டுகளுக்கு முன் இதே நாளில், இதே சுவரருகே ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள், அன்று சுவருக்கு மேலே நீட்டிய கைகளை இறுகப் பற்றிக்கொண்டார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் முன்னாள் வீரர்கள் 50,000-க்கும் மேற்பட்டோர் கெட்டிஸ்பர்க் சண்டையின் அந்தப் பொன்விழாவுக்கு வந்திருந்தார்கள். பெரும்பாலோர் எழுபதைத் தொட்டவர்கள். கொளுத்தும் வெயிலில் கூடாரங்களில் தங்கினார்கள். பசியையும் பயத்தையும் அருகிலிருந்தவனின் மரணத்தையும் எதிரிப் படைவீரன் அறிந்த அளவுக்குச் சொந்த வீட்டார்கூட அறியமாட்டார்கள். அந்த நட்பு பொய்யில்லை.

ஆனால், மன்னிக்கும் உரிமை யாருக்கு?

தன் உடம்பில் பாய்ந்த குண்டை ஒருவர் மன்னிக்கலாம். அது பொறையுடைமை, பெருந்தன்மை. அந்தப் போரின் வேரிலோ அடிமைமுறை இருந்தது. வடக்கின் படையில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றினார்கள். பொன்விழாவிலோ கறுப்பினத்தவர் பெரும்பாலும் முகாம் வேலையாட்களாகவே காணப்பட்டார்கள். மேடைகளில் இருதரப்பு வீரமும் ஒரே தேசப்பற்றாகப் போற்றப்பட்டது. போரின் காரணம் பேச்சிலிருந்து நழுவியது.

பிறருக்கு இழைக்கப்பட்ட அநீதியை நாம் மன்னிக்க முடியாது. அது அவர்களுடைய உரிமை.

1938-இல் கெட்டிஸ்பர்க்கில் அமைதிச் சுடர் நினைவுச்சின்னத்தை அதிபர் ரூஸ்வெல்ட் திறந்துவைத்தார். வந்திருந்த வீரர்களில் பலர் தொண்ணூறைத் தாண்டியிருந்தார்கள். தெற்கில் கறுப்பின மக்களில் பெரும்பாலோருக்கு அன்றும் வாக்களிக்க வழியில்லை.