சொன்னதும் செய்ததும் ஒரே ஏட்டில்

பிழை பொறுக்கப்பட்டபின் அந்தப் பிழை நடக்காததாகிவிடுமா என்னும் கேள்விக்கு, பூவிருந்தவல்லிக்கு மேற்கேயுள்ள திருமழிசையில் அவதரித்த ஆழ்வாரைப் பற்றிய வைணவ மரபுக்கதை நுட்பமான விடை தருகிறது. காஞ்சியில் பல்லவ மன்னன், தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனை நாடுகடத்த, தம் சீடனான அவனோடு புறப்பட்ட திருமழிசையாழ்வார், திருவெஃகாவில் பள்ளிகொண்டிருந்த பெருமாளையும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு வருமாறு வேண்ட, அவரும் பின்தொடர்ந்தார். மன்னன் வருந்தி வணங்கியபின் மூவரும் திரும்பினர். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்னும் திருநாமம் அதனால் வந்தது. ஆனால் திரும்பியவர் முன்போலவே சயனிக்கவில்லை. போய்வந்ததன் அடையாளமாக இடவலம் மாறிப் பள்ளிகொண்டார் என்பர்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறைகளுக்கு நடுவே எழுந்துள்ள மென்பொருள் அலுவலகங்களில் இதே நுட்பம் அன்றாடப் பழக்கம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள், நிரலில் செய்யும் மாற்றங்களைக் 'கமிட்' என்னும் பதிவுகளாக அடுக்கிவைக்கிறது. தவறான கமிட்டை மாற்ற 'ரிவர்ட்' கட்டளை இடும்போது பழைய பதிவு அழிவதில்லை. அதற்கு நேர்மாறான புதிய பதிவு மேலே சேர்கிறது. நிரல் பழைய நிலைக்குத் திரும்புகிறது, வரலாறு திரும்புவதில்லை. பொறுத்தருளல் விளைவை மாற்றுமேயன்றி நிகழ்ந்ததை மாற்றாது என்பதே இரண்டிடத்தும் பொருள்.

செய்யவேண்டிய பணிகளை எளிய உரைக்கோப்பில், அதாவது எந்தத் தொகுப்பியிலும் திறக்கக்கூடிய வெற்றெழுத்துக் கோப்பில் எழுதி, நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே வைக்கும் வழக்கம், சொன்னவண்ணம் செய்தோமா என்பதையும் அதே வரலாற்றில் பதிக்கிறது. 'பில் தொகையில் பைசாவை முழுமையாக்கு' என்ற வரியின் முன்னுள்ள வெற்றுக் கட்டத்தில் பெருக்கல் குறி விழுவதும், அந்தக் கணக்கைச் செய்யும் நிரல்வரி மாறுவதும் ஒரே கமிட்டில் அமைந்தால், பழைய வரிகள் கழித்தல் குறியோடும் புதியவை கூட்டல் குறியோடும் ஒரே திரையில் நிற்கும். குறிப்பு ஓரிடத்திலும் நிரல் வேறிடத்திலும் கிடந்தால் சொல் எளிதில் தப்பித்துவிடும். இங்கோ, நிரலைத் தொடாமல் 'முடிந்தது' என்று குறியிட்டவர் அப்போதே அகப்படுவார். (தொடர்பற்ற வரியொன்றை மாற்றி ஏய்ப்பவரை எந்தக் கருவியும் தடுக்காது.)

கடந்த பதிவுகளையே திருத்தி எழுதும் 'ரீபேஸ்' கட்டளையும் கிட்டில் உண்டே என்று மறுக்கலாம். ஆனால் ஒவ்வொரு கமிட்டுக்கும் உரிய ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், பொதுவாக 40 எழுத்தெண்கள் கொண்ட அடையாளம், முந்தைய கமிட்டின் ஹாஷையும் உள்வாங்கியே பிறப்பதால், பழையதொன்றைத் தொட்டால் அதன் வழிவந்த அனைத்தின் அடையாளமும் மாறும். பிறரிடமுள்ள பிரதிகள் அதைக் காட்டிக்கொடுக்கும்.

பிரதி இல்லாத இடத்தில் அழிவு முழுமையானது. அதே ஆழ்வார் குடந்தையில் தம் ஏடுகளைக் காவிரியில் விட்டபோது திருச்சந்தவிருத்தமும் நான்முகன் திருவந்தாதியும் மட்டுமே நீரோட்டத்தை எதிர்த்து மீண்டன என்பது மரபு; போனவற்றில் என்ன இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க எவரிடமும் வேறு ஏடில்லை.